மூத்தவன் பெயர் ஹைட்ராக்ஸ்

நியூ ஜெர்சியில் ஃபேர் லான் என்று ஓர் ஊர். அதன் ஓரமாக 208ஆம் நெடுஞ்சாலை போகிறது. 2006ல் இந்தப் பக்கம் குடிவந்த புதிதில் தினமும் அந்தச் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போவேன். சில நாள் காலையில், காரின் கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தாலும், மாவும் சர்க்கரையும் சூட்டில் சிவக்கிற வாசனை உள்ளே வந்துவிடும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது, மார்க்கெட் பக்கத்து பேக்கரியைத் தாண்டுகையில் வருமே, அந்த வாசனை. ஊரை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நாபிஸ்கோ கம்பெனியின் பிஸ்கட் ஆலை அது. 1958ல் தொடங்கியது. ஓரியோவும் அங்கே தயாரானது. 2021 கோடையில் ஆலையை மூடிவிட்டார்கள். இப்போதும் அதே சாலையில்தான் போகிறேன், வாசனை மட்டும் இல்லை. பதினைந்து வருடம் மூச்சில் கலந்திருந்த ஒரு பண்டத்தைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்பது அது நின்ற பிறகுதான் உறைத்தது. சரி, ஓரியோவின் கதையைத் தெரிந்துகொள்வோம் என்று படிக்க உட்கார்ந்தேன். அங்கே வேறொரு பிஸ்கட் வந்து வழியில் நின்றது. இரண்டு வருடமாக மனசை விட்டுப் போகவில்லை.

கறுப்பு பிஸ்கட் இரண்டு, நடுவில் வெள்ளைக் கிரீம். ஓரியோதான் இதற்கு மூலம் என்றும் மற்றதெல்லாம் அதைப் பார்த்துச் செய்தது என்றும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஓரியோ வந்தது 1912ல். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1908ல், இதே உருவத்தில் ஹைட்ராக்ஸ் என்ற பிஸ்கட் அமெரிக்கக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

இந்தக் கதையின் வேர் ஒரு பங்காளிச் சண்டையில் இருக்கிறது.

ஜேக்கப் லூஸ் என்பவர் கான்சஸ் மாநிலத்தில் கடை வைத்துப் பிழைத்தவர். 1882ல் கான்சஸ் சிட்டியில் பிஸ்கட்டும் மிட்டாயும் செய்யும் தொழிலுக்கு வந்தார். 1890ல் சிகாகோ வழக்கறிஞர் அடால்ஃபஸ் கிரீன் மத்திய மேற்குப் பகுதியில் இருந்த நாற்பது பேக்கரிகளை ஒன்றாகச் சேர்த்து அமெரிக்கன் பிஸ்கட் என்ற பெரிய கம்பெனியை உருவாக்கினார். லூஸ் சகோதரர்களின் தொழிலும் அதற்குள் போனது. ஜேக்கப் அதில் முக்கியப் பொறுப்புக்கும் வந்தார். கிழக்கே வில்லியம் மூரின் நியூயார்க் பிஸ்கட் கம்பெனி. இரண்டு பேரும் ஒருவர் ஏரியாவில் இன்னொருவர் ஆலை கட்டி, விலையை மாற்றி மாற்றிக் குறைத்து, ஆளுக்கு ஆள் நஷ்டப்பட்டார்கள்.

சேர்ந்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது ஜேக்கப் கூடாது என்றார். ஆனால் 1897ல் அவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். நிர்வாகக் குழுவில் இருந்த உடன்பிறந்த ஜோசப், இணைப்புக்குச் சம்மதிக்கும் பக்கம் நின்றார். 1898ல் 114 பேக்கரிகளோடு நேஷனல் பிஸ்கட் கம்பெனி பிறந்தது. அதன் சுருக்கம்தான் நாபிஸ்கோ. பார்த்துப் பார்த்துக் கட்டிய தொழில், நோயில் கிடந்த நேரத்தில் கைமாறிப் போனது என்பதை ஜேக்கப் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? எங்கள் தெருவில் வயல் பங்கு பிரித்த நாளில் வாசலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் போன ஒரு பெரியவரின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உடம்பு தேறியதும் 1902ல் ஜேக்கப் புதிதாகத் தொடங்கினார். ஜோசப்பும் கூட வந்தார். ஜான் வைல்ஸ் என்பவரும் சேர, கான்சஸ் சிட்டியில் லூஸ்-வைல்ஸ் பிஸ்கட் கம்பெனி உருவானது. அண்ணன் தம்பிக்குள் முறிந்த கை மறுபடியும் சேர்ந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். விட்டு வந்த கம்பெனியோடு மோதுவதுதான் இனி வேலை.

எதிராளி லேசுப்பட்டவர் இல்லை. அதுவரை அமெரிக்க மளிகைக் கடைகளில் பிஸ்கட்டைப் பீப்பாயில் கொட்டி வைத்து அள்ளி விற்பார்கள். ஈரம் ஏறி நமுத்துப் போகும். எங்கள் ஊர் அண்ணாச்சி கடையில் பெரிய கண்ணாடிப் பாட்டிலில் இருந்து எண்ணி எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பிஸ்கட்டும் ஆடி மாதத்தில் அப்படித்தான் இருக்கும். நாபிஸ்கோ மெழுகுக் காகிதம் வைத்த அட்டைப்பெட்டியில் காற்றுப் புகாமல் அடைத்து, யுனீடா என்ற பெயரில் விற்றது. பாக்கெட்டில் பெயரோடு பிஸ்கட் வாங்கும் பழக்கம் அமெரிக்காவில் அங்கிருந்துதான் வேரூன்றியது. அந்தப் பெயரும் அந்தப் பாக்கெட்டும் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன.

இந்த நிலைமையில்தான் லூஸ்-வைல்ஸ் 1908ல் ஹைட்ராக்ஸைக் கொண்டுவந்தது. பிஸ்கட்டின் மேல் பூ வேலைப்பாடு, உள்ளே வெள்ளைக் கிரீம். பெயர்க் காரணம் தெளிவானது: ஹைட்ரஜன், ஆக்சிஜன். தண்ணீரை ஆக்கும் இரண்டு தனிமங்கள். தண்ணீர் போலச் சுத்தமானது என்று சொல்ல நினைத்தார்கள். 1906ல்தான் அமெரிக்காவில் சுத்தமான உணவுக்கான சட்டம் வந்திருந்தது. கலப்படம் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் அது நல்ல எண்ணம்தான். ஆனால் பெயர் நாக்கில் இனிக்கவில்லை. காயம் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு நல்ல பண்டத்துக்கு வாழ்நாள் முழுக்கச் சுமையாகிப்போன பெயர் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1912ல் நாபிஸ்கோ மூன்று புதிய பிஸ்கட்டுகளை ஒன்றாக அறிமுகம் செய்தது. குழந்தைப் பாட்டுக் காட்சிகள் பொறித்த மதர் கூஸ், வெரோனீஸ், அப்புறம் ஓரியோ. மற்ற இரண்டும் மறைந்துபோயின. ஓரியோ நியூயார்க் நகரத்தின் செல்சீ பகுதி ஆலையில் பிறந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் ஹோபோக்கன் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குத்தான் முதல் சரக்கு மார்ச் மாதத்தில் போனது என்று பதிவாகியிருக்கிறது. தொடக்கத்தில் எலுமிச்சைக் கிரீம் வைத்த ஓரியோவும் இருந்தது. 1920களில் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஓரியோ என்ற பெயருக்குப் பல விளக்கம் சொல்வார்கள். பொன்னைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல், மலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல், இரண்டு ஓவுக்கு நடுவில் கிரீமின் எழுத்துகள். எதுவானாலும் பெயர் வாயில் உருள்கிறது. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கறுப்பு மேலோடு, வெள்ளை நடுப்பகுதி, அச்சில் பூ வேலை. நான்கு வருடம் முன்பே போட்டியாளர் விற்றுக்கொண்டிருந்த பண்டத்தை நாபிஸ்கோ பார்த்தே செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பிஸ்கட் தொழிலில் அப்போது இது சகஜம், ஒவ்வொரு கம்பெனியும் மற்றதன் சரக்கைப் பார்த்துச் செய்துகொண்டுதான் இருந்தது. அதனால் ஓரியோ மேல் எனக்குக் கோபம் இல்லை. மூத்தவனை நகல் என்று பிறகு ஊரே சொன்னதே, அதுதான் தாங்கவில்லை. பல பத்தாண்டுகள் அமெரிக்கக் குழந்தைகள் ஹைட்ராக்ஸை ‘போலி ஓரியோ’ என்று நினைத்தே வளர்ந்தார்கள்.

இங்கே நம் ஊர்ப் பிஸ்கட் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லண்டனின் பெர்மண்ட்சி பகுதியில் பீக் ஃப்ரீன்ஸ் கம்பெனி 1910ல் ஒரு சாக்லேட் சாண்ட்விச் பிஸ்கட் செய்தது. முதலில் கிரியோலா என்று பெயர், பிறகு போர்பன். அந்தக் கம்பெனி 1920களில் கல்கத்தாவின் பிரிட்டானியாவில் பெரும்பங்கு வாங்கியது. அந்த வழியில்தான் போர்பன் நம் கைக்கு வந்தது. நான் பிரித்து நக்கித் தின்ற முதல் கிரீம் பிஸ்கட், நீளமாக, மேலே வரிசையாகத் துளையும் சர்க்கரை மணியுமாக இருந்த அந்தப் போர்பன்தான். வேகும்போது ஆவி வெளியேறத்தான் அந்தத் துளைகள். அது ஓரியோவைவிட இரண்டு வயது மூத்தது என்று அறிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஓரியோ இந்தியாவுக்கு வந்ததே 2011ல்தான்.

இளையவன் ஜெயித்ததற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. நாபிஸ்கோவுக்கு ஆலைகள் அதிகம், விளம்பரத்துக்குப் பணம் அதிகம், கடை அலமாரியில் இடம் அதிகம். லூஸ்-வைல்ஸும் சளைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் ஆயிரம் ஜன்னல் பேக்கரி என்று பேர் வாங்கிய மாபெரும் ஆலையைக் கட்டியது. வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் செய்த பிஸ்கட் என்று காட்டத்தான் சன்ஷைன் என்று முத்திரைப் பெயரே வைத்தார்கள். 1946ல் கம்பெனியின் பெயரும் சன்ஷைன் பிஸ்கட்ஸ் என்று மாறியது. ஜேக்கப் லூஸ் 1923லேயே காலமாகிவிட்டார். கான்சஸ் சிட்டியில் அவர் மனைவி எல்லா லூஸ் நகரத்துக்குக் கொடுத்த பெரிய பூங்கா இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

ஓரியோவின் முகத்தை வரைந்தவர் வில்லியம் டர்னியர். 1923ல் நாபிஸ்கோவில் தபால் பிரிக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு பொறியியல் பிரிவுக்கு வந்து, அச்சுகளை வரையும் வேலை பார்த்தவர். இன்று நாம் பார்க்கும் நாலிதழ்ப் பூக்கள் அவர் 1952ல் வரைந்தவை. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பூ, விளிம்பில் தொண்ணூறு வரி. நடுவில் பெயரைச் சுற்றியிருக்கும் வட்டமும் மேலே நிற்கும் இரட்டைக் குறுக்குக் கோடும் கம்பெனியின் சின்னம். 1952 தேதி போட்ட அந்த வரைபடம் அவர் குடும்பத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அடுத்த முறை சாப்பிடும் முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அத்தனை சின்ன வட்டத்துக்குள் அவ்வளவு நுணுக்கம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை உடனே தெரியும்.

அந்த அடர்ந்த கறுப்பு, காரச் சேர்மம் சேர்த்துப் பக்குவப்படுத்திய கோகோவின் நிறம். 1828ல் டச்சுக்காரர் வான் ஹூட்டன் கோகோவைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து வரும் கைவழக்கம் அது. கசப்பு குறையும், நிறம் ஏறும்.

ஆனால் இந்தக் கதையில் என் குடும்பத்தைத் தொட்ட இடம் கிரீம். எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் 1982ல் நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்தவர்கள். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். அந்தக் காலத்தில் மளிகைக்குப் போகும்போது பெரியப்பாவின் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்குமாம். அதில் லார்ட், டாலோ, ஜெலட்டின் என்று எழுதி வைத்திருப்பார். பாக்கெட்டைத் திருப்பி அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் போடுவார். லார்ட் என்றால் பன்றிக் கொழுப்பு, டாலோ மாட்டுக் கொழுப்பு. ஓரியோவின் வெள்ளைக் கிரீம் 1990கள் வரைக்கும் பன்றிக் கொழுப்பில்தான் செய்யப்பட்டது. பால் கிரீம் அதில் என்றுமே இருந்ததில்லை. அதனால்தான் பாக்கெட்டில் கிரீம் என்ற சொல்லையே ஆங்கிலத்தில் வேறு எழுத்தில் எழுதுகிறார்கள்.

பக்கத்து வீட்டு யூதப் பாட்டிதான் பெரியம்மாவுக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். வட்டத்துக்குள் யூ எழுத்து போட்ட முத்திரை இருந்தால் அதில் பன்றி இல்லை. பக்கத்தில் டி என்ற எழுத்தும் இருந்தால் அது பால் பண்டம், இறைச்சி கலக்காது. யூதர்களின் கோஷர் முறைப்படி பரிசோதித்ததற்கு அடையாளம் அது. ஹைட்ராக்ஸ் கோஷர். ஓரியோ இல்லை. யூதக் குடும்பங்கள் பல தலைமுறையாக ஹைட்ராக்ஸைத்தான் வாங்கின. அமெரிக்காவில் வளர்ந்த யூதக் குழந்தைகளுக்கு அதுதான் கறுப்பு வெள்ளை பிஸ்கட். எங்கள் அக்கா, அதாவது பெரியம்மா மகளுக்கும் அதுவேதான். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் ஓரியோ கொண்டுவரும்போது இவள் டப்பாவில் ஹைட்ராக்ஸ் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதே டப்பா வைத்திருந்த இன்னொரு பெண் யூதச் சிறுமி. இரண்டு பேரும் இன்றைக்கும் தோழிகள்.

மூத்தவனுக்கு இருந்த ஒரே கோட்டை அது. 1990களில் அதுவும் விழுந்தது. நாபிஸ்கோ கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. பிறகு கோஷர் முத்திரை வாங்க முடிவெடுத்தது. அதற்குப் பெட்டியில் ஒரு அடையாளத்தை ஒட்டினால் மட்டும் போதாது. பன்றிக் கொழுப்பு பட்ட இயந்திரங்களை எல்லாம் சுத்திகரிக்க வேண்டும். ஆலைகளில் 300 அடி நீள அடுப்புகள் இருந்தன. அவற்றுக்குள் நெருப்புச் சுடர் பீய்ச்சி, ரபிகள் என்ற யூத மதகுருமார்களின் மேற்பார்வையில் பதமாகும் அளவுக்குச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை 1997 டிசம்பரில் முடிந்தது. ஓரியோ கோஷர் ஆயிற்று. பெரியப்பா அன்று சாயங்காலமே ஒரு பாக்கெட் வாங்கி வந்து, முத்திரையைப் பார்த்து, மறுபடி பார்த்து, அப்புறம்தான் பிரித்தாராம். பதினைந்து வருடம் எட்ட நின்று பார்த்த பண்டம். அதைச் சொல்லும்போது பெரியம்மாவின் குரல் இறங்கிவிடும், பெரியப்பா இப்போது இல்லை.

மாற்றிய எண்ணெயும் சிக்கல் இல்லாமல் இல்லை. பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று 2003ல் கலிஃபோர்னியாவில் ஓரியோவுக்கு எதிராக வழக்கு வந்தது. விஷயம் நாடெங்கும் தெரிந்ததும் வழக்குப் போட்டவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2006ல் டிரான்ஸ் கொழுப்பின் அளவை லேபிளில் எழுத வேண்டும் என்ற விதி வந்தபோது ஓரியோ அதை நீக்கியிருந்தது.

ஹைட்ராக்ஸின் முடிவு வேகமாக வந்தது. 1996ல் கீப்ளர் கம்பெனி சன்ஷைனை வாங்கியது. 1999ல் செய்முறையை மாற்றி, பெயரையும் டிராக்ஸீஸ் என்று மாற்றியது. 2001ல் கீப்ளரைக் கெல்லாக் வாங்கியது. 2003ல் நிறுத்திவிட்டார்கள். தொண்ணூற்றைந்து வருடம் வாழ்ந்த பண்டம். பழைய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. போன் மேல் போன் போட்டார்கள், இணையத்தில் மனு எழுதினார்கள். 2008ல், நூறாவது ஆண்டில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு பெயர் உரிமையைப் பெற்ற லீஃப் பிராண்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி 2015லிருந்து மறுபடி செய்கிறது.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு ஆலைகளையும் பார்க்கப் போனேன். செல்சீ ஆலை இன்று செல்சீ மார்க்கெட். மீன் கடை, புத்தகக் கடை, வரிசையில் நிற்கும் சுற்றுலாக் கூட்டம். பழைய செங்கல் சுவரும் இரும்புத் தூணும் அப்படியே இருக்கின்றன. வெளியே தெருமுனையில் ஓரியோ வே என்று பெயர்ப் பலகை.

அங்கிருந்து ரயில் மாறி குவீன்ஸ் போனேன். ஆயிரம் ஜன்னல் பேக்கரி இப்போது லகார்டியா சமுதாயக் கல்லூரியின் கட்டடம். புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் படிக்கும் கல்லூரி. தாம்சன் சாலையில் எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல்களை எண்ணப் பார்த்தேன், மூன்றாவது மாடியில் கணக்கு விட்டுப்போனது. முதுகில் பையோடு மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அவர்கள் ஏறிய படிக்கு மேலே ஒரு காலத்தில் மாவு பிசைந்திருப்பார்கள். பிஸ்கட் பெயரில் தெரு இல்லை, பலகை இல்லை. ஆனாலும் ஜேக்கப் லூஸுக்கு இதில் குறை இருக்காது என்று எனக்குத் தோன்றியது. வெளிச்சம் வர வேண்டும் என்று திறந்து வைத்த ஜன்னல்கள் இன்னும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்த வாரம் ஹைட்ராக்ஸ் ஒரு பாக்கெட் வரவழைத்து எடிசனுக்கு எடுத்துப் போனேன். பெரியம்மாவுக்கு எண்பத்தொரு வயது. டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்து முடித்துவிட்டுத்தான் பிரித்தார். என் நாக்குக்கு அது ஓரியோவைவிட இனிப்பு குறைவு. மொறுமொறுப்பு அதிகம், காபியில் நனைத்தாலும் சட்டென்று கரையவில்லை.

பெரியம்மா இரண்டு பக்கமும் திருகிப் பிரித்து, கிரீம் ஒட்டிய பாதியைத் தனியே வைத்துவிட்டு, வெறும் பாதியைக் காபியில் தோய்த்தார்.

“ஓரியோ மாதிரியே இருக்கே, ஏய்யா.”

“இல்ல பெரியம்மா. அதுதான் இது மாதிரி இருக்கு. இதுதான் மூத்தது.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கிரீம் பாதியை எடுத்தார். “உங்க அக்கா டப்பால இதைத்தானே வச்சு விடுவேன்,” என்றார். பாக்கெட்டின் வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அக்கா வரும்போது கொடுப்பதற்காக அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.